இரண்டாவது பட்டை

நண்டின் கண்தண்டை முதன்முதலாகப் பிரித்த நாளில் என் கை நடுங்கியது. ஐஸில் வைத்து மயங்க வைத்திருந்த கரைநண்டு. தண்டின் ஓட்டைக் கத்தரியால் நெடுக வெட்டி, தசையை மெல்ல விலக்கினால், நுண்ணோக்கியின் கீழ் நீலம் கலந்த வெண்மையில் ஒரு புள்ளி முத்துப்போல் மின்னும். அதுதான் சைனஸ் சுரப்பி. நண்டு மிரண்டாலோ ஆக்ஸிஜன் குறைந்தாலோ, அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும்; சர்க்கரை ஏறும். கண்தண்டின் சாற்றை ஊசியில் ஏற்றினால் நண்டின் ரத்தச் சர்க்கரை உயர்வதை 1944-லேயே காட்டியிருந்தார்கள். அந்தச் சாற்றுக்குள் இருந்த ஹார்மோன் கரைநண்டில் 72 அமினோ அமிலங்கள் கொண்டது என்று 1989-ல் தெரிந்தது.

அந்த ஹார்மோனின் மரபணுவைப் படிப்பதுதான் என் வேலை. ஆரம்பத்தில் சைனஸ் சுரப்பியை மட்டும் பொறுக்கியெடுத்து, மரபணுவின் நகலான ஆர்என்ஏவைப் பிரித்தேன். பல நாள் உழைப்பு, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஒன்றுமே தெரியவில்லை. கூட வேலை பார்த்த அக்கா கேட்டார்: “சரக்கு இருக்கிற கிடங்குல போய் சமையல் குறிப்பைத் தேடினா எப்படிம்மா கிடைக்கும்?”

உண்மைதான். ஹார்மோன் உருவாவது பக்கத்திலுள்ள எக்ஸ்-உறுப்பின் நரம்பு செல்களில். அங்கிருந்து நீண்ட நரம்பிழைகள் வழியாக வந்து சுரப்பியில் சேர்கிறது, அவ்வளவுதான். அப்புறம் கண்தண்டின் நரம்புத் திசு முழுவதையும் சேர்த்தெடுத்தேன். பட்டை பளிச்சென்று விழுந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிகார்டியல் உறுப்பிலிருந்தும் எடுத்தேன். அதில்தான் சிக்கல். நான் எதிர்பார்த்த இடத்துக்கு மேலே, கொஞ்சம் நீளமான பட்டை. டிஎன்ஏ கலந்துவிட்டது என்று நினைத்தேன். நொதி போட்டு டிஎன்ஏவைச் சிதைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். பட்டை அப்படியே இருந்தது. புதுக் கரைசல், புது நண்டு; அப்போதும் போகவில்லை. ஒப்பீட்டுக்காகத் திசு எதுவும் சேர்க்காமல் விட்ட கட்டுப்பாட்டுக் குழி மட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் அந்தப் பட்டையை வெட்டியெடுத்து வரிசையைப் படிக்க அனுப்பினோம். முடிவு வந்த அன்று திரையில் கண்தண்டின் வரிசை, இது என்று இரண்டு வரிசைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் 40 அமினோ அமிலங்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஆளே வேறு.

இந்த ஹார்மோனுக்குக் கரைநண்டில் குறைந்தது நான்கு மரபணுக்கள்; ஒவ்வொன்றிலும் நான்கு எக்ஸான்கள், அதாவது வெட்டி ஒட்டப்படும் துண்டுகள். கண்தண்டு மூன்றாவதைத் தாண்டிவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டுகிறது. பெரிகார்டியல் உறுப்போ நான்கையும் வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு துண்டு உள்ளே வந்ததும் ஹார்மோனின் பின்பாதியே மாறிப்போய், சர்க்கரையை ஏற்றும் வேலையும் நின்றுவிடுகிறது. கரைநண்டைப் பற்றி 2001-ல் வந்த ஆய்வுக்கட்டுரையில் இதெல்லாம் தெளிவாகவே இருந்தது. நானும் அதை வாசித்திருந்தேன். என் ஜெல்லில் வந்து நின்றபோது மட்டும் அடையாளம் தெரியவில்லை.

அன்று அந்த இரண்டு வரிசைகளையும் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. உணவு இடைவேளை போனதே தெரியவில்லை. ஒரே எழுத்துகளை இரண்டு உறுப்புகள் இரண்டு விதமாக வாசிப்பதை என் கையால் எடுத்த திசுவிலேயே பார்த்தது, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

பழைய ஜெல் படத்தின் ஓரத்தில் ‘கலப்படம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அதை அழிக்கவில்லை. அதன் கீழே ‘மூன்றாவது எக்ஸான்’ என்று எழுதி, தேதி போட்டு, நோட்டில் ஒட்டினேன்.