பூத் நம்பரை அடிச்சிட்டேன்

எலெக்‌ஷன் ரிசல்ட்னா டிவில ஓடுற தொகுதி கணக்குதான் நெறைய பேருக்கு தெரியும், எனக்கு பிடிச்சது ஃபார்ம் 20ங்கற ரிசல்ட் ஷீட். எந்த பூத்ல யாருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனைன்னு வரிசையா இருக்கும். 2016ல நம்ம ராதாபுரத்துல திமுக அப்பாவுவ அதிமுக இன்பதுரை வெறும் 49 ஓட்டுல ஜெயிச்சாருல்லா, தபால் ஓட்டு, மறு எண்ணிக்கைன்னு கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அப்போ ஆரம்பிச்ச பழக்கம் இது. 49 ஓட்டுங்கது ஒரு சின்ன தெருதான்.

இதுல எனக்கு புதையல் மாதிரி தெரிஞ்சது ஆண்கள் பூத், பெண்கள் பூத்னு தனித்தனியா இருக்குற பள்ளிக்கூடங்கதான். கலப்பா இருக்குற பூத்ல விழுந்த ஓட்ட வச்சு இந்த சாதி இவருக்குத்தான் போட்டுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது, டிவில சொல்லுதாங்க, அது தப்பு. ஆனா இங்க அதே தெரு, அதே வீடு, ஆம்பள ஓட்டு ஒரு வரி, பொம்பள ஓட்டு அடுத்த வரி. முக்கூடல் பக்கம் ஒரு ஊர்ல ரெண்டு வரியும் ஒத்தே வரல. "வீட்டுக்காரரு சொன்னதுக்குத்தான் போடுவாளுவ"ன்னு பேசுறவங்க இத பாக்கணும்.

அந்த ஊருக்கே போனேன். திண்ணையில ஒரு அக்கா சொளவ மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தாவ. வீட்டுக்காரரு பக்கத்துல இருந்த வரைக்கும் எதக் கேட்டாலும் "அவ்வொள கேளுங்க"தான். அவரு டீ குடிக்க போனதும் கை நின்னுச்சு. "ஏயா, பூத்து பூத்தா தெரியுமாமே, நம்ம தெரு ஓட்டு கொறஞ்சா தண்ணி வராதுன்னுல்லா கட்சிக்காரன் சொல்லிட்டு போறான்"னாவ.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் ஆசையா பாக்குற அதே ஷீட்ட வச்சுதான் அவங்கள மெரட்டுதான். இதுக்காகத்தான் பல பூத் ஓட்ட மொத்தமா கூட்டிச் சொல்ற டோட்டலைசர் மெஷின 2008லயே தேர்தல் ஆணையம் கேட்டுச்சு, மத்திய அரசு வேண்டாம்னுட்டு. அது வந்தா என்ன மாதிரி ஆளுங்க ஆராய்ச்சிக்கு இந்த பூத் கணக்கு கெடைக்காது, இருந்தாலும் வரணும்னுதான் சொல்லுவேன்.

அன்னைக்கு ராத்திரியே நோட்டுல அந்த ஊரு பேரையும் பூத் நம்பரையும் கோடு போட்டு அடிச்சிட்டேன்.