முன் சக்கரம்தான் கணக்கு: ஹிட்ச் மாற்றும் நாட்குறிப்பு

மார்ச் 2

வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு முகாம் போகிற எங்கள் புது ட்ரெய்லர் பழசைவிட நீளம், கனமும் கூட. ட்ரெய்லரை வண்டியோடு இணைத்து, எடையை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சையே இதற்கும் மாட்டலாமா என்பதுதான் இப்போதைய கேள்வி. எடையைப் பிரிக்கும் வேலையைச் செய்யும் அதன் ஸ்பிரிங் பார்களில் (வளையும் இரும்புப் பட்டைகளில்) 600 பவுண்டு என்று பொறித்திருக்கிறது.

பதில் ஹிட்ச்சில் இல்லை, டங் வெயிட்டில் இருக்கிறது. ட்ரெய்லரின் மூக்கு, அது வந்து உட்காரும் இரும்புக் குண்டின் (பால்) மேல் எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவுதான் அது. சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கிவிடும்.

விற்பனைத் தாளில் போட்டிருக்கும் டங் வெயிட்டை வைத்து ஹிட்ச் வாங்கவே கூடாது. அது காலி ட்ரெய்லரின் எடை. கேஸ் சிலிண்டர், பேட்டரி இரண்டும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. முன்பக்கப் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு சாமானும் டங் வெயிட்டைக் கூட்டும். வழக்கமாக எதையெல்லாம் கொண்டுபோவோமோ அத்தனையும் ஏற்றி எடை போட்டால்தான் உண்மை தெரியும்.

மார்ச் 5

லாரிகள் எடை போடும் மேடைக்குப் போய்விட்டு வந்தோம், நானும் தம்பியும். முதலில் வண்டியை மட்டும் ஏற்றினோம்: முன் அச்சில் 1,310 கிலோ, பின் அச்சில் 1,240. அப்புறம் ட்ரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் பார் போடாமல் ஏற்றினோம்: முன்னால் 1,150, பின்னால் 1,760, ட்ரெய்லர் அச்சுகளில் 2,540.

வண்டியின் மேல் கூடிய எடை 360 கிலோ. அதுதான் டங் வெயிட். ட்ரெய்லர் மொத்தம் 2,900 என்பதால் பன்னிரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. நல்ல இடம். பவுண்டில் பார்த்தால் கிட்டத்தட்ட 795. ஆக, 600 பவுண்டு பார்களுக்கு விடைகொடுத்தாயிற்று.

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பார்த்துக்கொண்டேன். அதில் உள்ள பேலோடு, அதாவது வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை அளவுக்குள் டங் வெயிட், ஆட்கள், சாமான், ஹிட்ச் எல்லாம் அடங்க வேண்டும். ஹிட்ச் மட்டுமே 40, 50 கிலோ வரும். ட்ரெய்லர் இழுக்கிறவர்களுக்கு இழுவைத் திறன் தீருவதற்கு முன்பே பேலோடு தீர்ந்துவிடுவதுண்டு.

மார்ச் 6

நேற்றைய எண்களில் என் மனம் நிற்பது ஒரே இடத்தில்: முன் அச்சு 160 கிலோவை இழந்திருக்கிறது. ட்ரெய்லரை மாட்டியதும் வண்டி முன்பக்கம் லேசாகிவிட்டது. ஸ்டியரிங் பிடிப்பும் பிரேக்கின் பெரும்பங்கும் அந்தச் சக்கரங்களில்தான்.

காரணம் நெம்புகோல்தான். என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 330 செ.மீ. பின் அச்சிலிருந்து பால் 150 செ.மீ. பின்னால் இருக்கிறது. 360 கிலோ அங்கே அழுத்தும்போது, பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. 360 ஐ 150 ஆல் பெருக்கி 330 ஆல் வகுத்தால் 164. எடை மேடை சொன்னதும் ஏறக்குறைய அதுவே. பின் அச்சின் மேல் டங் வெயிட்டோடு முன்பக்கம் விட்ட எடையும் சேர்ந்து ஏறுகிறது. அதனால்தான் 520 கிலோ கூடியிருக்கிறது.

ஸ்பிரிங் பார்கள் செய்வது இதற்கு எதிர்வேலை. ஹிட்ச் தலையிலிருந்து ட்ரெய்லர் சட்டத்தை ஒட்டிப் பின்னோக்கிப் போகும் அந்த இரும்புப் பட்டைகளை வளைத்து மேலே தூக்கிப் பூட்டும்போது, அவை ஹிட்ச் தலையை முறுக்கி வண்டியின் மூக்கைக் கீழே அழுத்துகின்றன. பின் அச்சிலிருந்து எடுத்த எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் மறு பங்கு ட்ரெய்லர் அச்சுகளுக்கும் போகிறது. மொத்த எடை மாறாது, இடம்தான் மாறும்.

எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? முன்பெல்லாம் வண்டி மட்டமாக நிற்கும்வரை இறுக்கு என்பார்கள். இப்போது பல வண்டிகளின் கையேடுகள், முன் அச்சு இழந்ததில் பாதியை மீட்டால் போதும் என்கின்றன. சில வண்டிகளுக்கு வேறு அளவு உண்டு. கையேட்டைப் பார்க்காமல் இறுக்கக் கூடாது. அளவுக்கு மேல் இறுக்கினால் பின் டயர்களின் பிடிப்பு குறையும், திடீரென்று திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் விலகும். பார்க்க மட்டமாக நிற்பது வேறு, பத்திரமாக ஓடுவது வேறு.

என் கையேடு பாதி என்கிறது. ஆக 80 கிலோ.

மார்ச் 11

எந்த ஹிட்ச்? வட்டப் பார், சங்கிலி வைத்த பழைய வகை எடையைப் பிரிக்கும், ட்ரெய்லர் வாலாட்டும் ஆட்டத்தைப் பெரிதாக அடக்காது. அதற்குத் தனியாக ஒரு உராய்வுக் கம்பி மாட்ட வேண்டும். மழையில் அதன் பிடி தளரும், ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்ற வேண்டும். இருட்டில், மழையில், முகாம் வாசலில் இறங்கிக் கழற்றுவது எனக்கு அலுத்துவிட்டது.

ஹென்ஸ்லி என்ற பெயரில் வரும் ஹிட்ச் வகை வேறு தத்துவம். இணைப்புக் கம்பிகளின் அமைப்பால், ட்ரெய்லர் திரும்பும் புள்ளியை வண்டியின் பின் அச்சுப் பக்கமாக முன்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆட்டத்தை அடக்குவதைவிட அது தொடங்கவே விடாதது என்பதால் அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் ஹிட்ச்சே மிகவும் கனம். பேலோடு இறுக்கமாக இருக்கும் என் வண்டிக்கு அது சரிவராது.

ஈக்வலைசர் என்ற ஹிட்ச் போன்ற, நான்கு இடத்தில் உராயும் வகையை எடுக்கிறேன். பார்கள் ஹிட்ச் தலையிலும், ட்ரெய்லர் சட்டத்தில் உள்ள எல் வடிவத் தாங்கிகளிலும் உராய்ந்தே ஆட்டத்தைப் பிடிக்கும். கழற்றாமல் ரிவர்ஸ் எடுக்கலாம். பார் அளவு 1,000 பவுண்டு. 800 பவுண்டு பார் என் எடைக்கு நூலிழையில் நிற்கும். வண்டியில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். பெரியதே நல்லது என்று 1,400 க்குப் போனாலும் தப்பு: வளையாத பார், மேடுபள்ளத்தில் ட்ரெய்லர் சட்டத்தைத்தான் உலுக்கும்.

வண்டியின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரின் ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் உண்டு. நேரடியாகத் தாங்கும் எடை ஒன்று, இந்த வகை ஹிட்ச் போட்டால் தாங்கும் எடை இன்னொன்று. இரண்டாவதில் டங் வெயிட் 1,000 பவுண்டு வரை என்றிருக்கிறது.

மார்ச் 19

மாட்டியாயிற்று. பால் நட்டுக்கு மட்டும் பட்டறைக்குப் போனேன். 400 அடி-பவுண்டுக்கு மேல் இறுக்க வேண்டும், வீட்டு ஸ்பேனருக்கு அது அடங்காது.

மற்றதெல்லாம் அளவு நாடா வேலை. முன் சக்கரத்துக்கு நேர் மேலே, ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பின் உயரம்: ட்ரெய்லர் இல்லாமல் 92 செ.மீ. பார் போடாமல் மாட்டியதும் தம்பி குனிந்து பார்த்து, “அக்கா, முன்னாடி நல்லா தூக்கிக்கிச்சு” என்றான். நாடாவில் 94.4. பாதி மீட்க வேண்டுமென்றால் 93.2 இல் நிற்க வேண்டும்.

ட்ரெய்லர் ஜாக்கை உயர்த்தி, வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கினால் பார்கள் எளிதாகத் தாங்கியில் ஏறும். முதல் அமைப்பில் 92.4 வந்தது, அளவுக்கு மேல் இறக்கம். ஹிட்ச் தலையின் சாய்வைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் வாஷர்கள். வாஷர் கூடினால் தலை பின்னோக்கிச் சாயும், பார் அதிகம் வளையும். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டியதும் 93.1. ட்ரெய்லரும் மட்டமாக, மூக்கு ஒரு இழை தாழ்ந்து நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும்.

மார்ச் 20

மறுபடி எடை மேடை. முன் 1,230, பின் 1,630, ட்ரெய்லர் அச்சுகள் 2,590. முன் அச்சுக்கு 80 திரும்பியிருக்கிறது, ட்ரெய்லருக்கு 50 போயிருக்கிறது. பின் அச்சின் வரம்பு 1,800. இப்போது மூச்சுவிட இடமிருக்கிறது. நாடா சொன்னதை எடை மேடையும் சொன்னதில் அவ்வளவு நிம்மதி.

மார்ச் 27

நெடுஞ்சாலை. பெரிய லாரி கடந்து போகும்போது முதலில் காற்று ட்ரெய்லரைத் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். முன்பு கை ஸ்டியரிங்கில் இறுகும். இன்று லேசாக ஒரு தள்ளல், அதோடு சரி.

ஆனாலும் வால்பக்கம் கனமாக ஏற்றிய ட்ரெய்லரை எந்த ஹிட்ச்சும் காப்பாற்றாது. ஆட்டம் பிடித்துவிட்டால் வண்டி பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டிக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் நெம்பைக் கையால் இயக்கி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். தம்பிக்கும் அந்த நெம்பு எங்கே இருக்கிறதென்று, ஓடாமல் நிற்கும்போது தொட்டுக் காட்டிவிட்டேன்.

வளைவுகளில் பார்கள் முனகுகின்றன. உராய்வு வேலை செய்கிற சத்தம் அது, பழகிக்கொள்ளலாம். வந்ததும் தாங்கிகளின் போல்ட்டுகளைச் சோதித்தேன், ஒன்று கால் சுற்று வாங்கியது.

தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறது. நிரப்பினால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. அதில் ஒரு பங்கு டங் வெயிட்டில் ஏறும். இதுவரை போட்ட எடையெல்லாம் காலித் தொட்டியோடு. தண்ணீர் கிடைக்காத இடத்துக்குக் கிளம்பும் முன் தொட்டியை நிரப்பி, இன்னொரு முறை மேடை ஏற வேண்டும்.