கழுத்தில் தார் பூசிய சிட்டுகள்

என் ஓவியங்களை விற்க இடம் கேட்டு முதல் தடவை விண்ணப்பித்த மூன்று கலைச்சந்தைகளும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. காரணம் சொல்ல மாட்டார்கள், அது வழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணமாகக் கட்டிய 35, 40 டாலரும் திரும்பாது.

நான் இருப்பது அரிசோனாவில், டூசான் நகரத்தில். வரைவது ஓசனிச்சிட்டுகளை மட்டும். ஹம்மிங்பேர்டைத்தான் சொல்கிறேன். பலர் இதைத் தேன்சிட்டு என்று எழுதிவிடுகிறார்கள். நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. எங்கள் கொல்லையில் அன்னா, கோஸ்டா என்று இரண்டு வகை வருஷம் முழுக்க வரும். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், அவ்வளவுதான் அவற்றுக்கு நாங்கள் வைப்பது. சிவப்புச் சாயமெல்லாம் கலக்கக் கூடாது.

இந்தப் பறவையை வரைவதில் உள்ள வம்பு அதன் கழுத்து. ஆண் கோஸ்டாவின் கழுத்தில் தெரியும் ஊதா சாயமே அல்ல. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம். தலை இந்தப் பக்கம் இருந்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு நூல் திருப்பினால் போதும், கத்தரிப்பூ நிறம் பற்றிக்கொண்டு எரியும். சாதாரண பெயின்டில் எவ்வளவு நல்ல ஊதாவைக் குழைத்தாலும் அது பாட்டுக்குச் செத்துக் கிடக்கும். இரண்டு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிற, மைக்கா கலந்த இன்டர்ஃபியரன்ஸ் அக்ரிலிக் பெயின்டுக்கு மாறினேன். முதலில் கறுப்பு. காய்ந்ததும் மேலே மெல்லிசாக ஆறேழு பூச்சு. நேரே நின்றால் கறுப்புதான். படத்தைக் கடந்து நடந்தால் கழுத்து ஒரு கணம் பளிச்சிட்டு அணையும். பறவை செய்வதும் அதையேதான்.

சந்தையில் இடம் வேண்டுமானால் ஸாப்ளிகேஷன் என்ற தளத்தில் ஓவியங்களின் படங்களையும் கடையின் படம் ஒன்றையும் ஏற்ற வேண்டும். நடுவர்கள் அவற்றைத் திரையில் சில நொடிகள்தான் பார்ப்பார்கள். நான் காசு கொடுத்து ஒரு ஸ்டூடியோவில் எடுத்து வைத்திருந்தேன். மூன்றாவது மறுப்பு வந்த ராத்திரி அந்தப் படங்களை என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “உன் சிட்டுக்கெல்லாம் கழுத்துல தார் பூசின மாதிரி இருக்கே” என்றார்.

கோபம்தான் வந்தது. அப்புறம் உறைத்தது. ஓவியத்தைப் படமெடுக்கும்போது இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைப்பார்கள், லென்ஸில் போலரைசர் மாட்டுவார்கள். எல்லாம் பளபளப்பைக் கொல்வதற்கு. என் படத்தில் இருப்பதே பளபளப்பு! பழைய மேஜை விளக்கு ஒன்றை எடுத்து, கழுத்து பற்றிக்கொள்ளும் இடம் வரும்வரை நகர்த்தி நகர்த்தி நானே எடுத்தேன். கடைப் படத்துக்கு இரவல் கூடாரம் வாங்கி வீட்டு வாசலில் கட்டினோம். அந்தப் படத்தில் கலைஞரின் பெயர் எங்கும் தெரியக் கூடாது என்பது விதி. என் பெயர் தைத்த ஏப்ரன் ஆணியில் தொங்கியதை எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் பார்த்தேன். மறுபடி கட்டினோம்.

நாலாவது சந்தையில் இடம் கிடைத்தது. பத்தடிக்குப் பத்தடி, வாடகை 375 டாலர். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு காலுக்கும் 40 பவுண்டு எடை கட்ட வேண்டும். நாலு அங்குல பிவிசி குழாயை மூன்றடிக்கு வெட்டி, கான்கிரீட் ஊற்றி நாலு எடை செய்தோம். தூக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே தூக்கினேன். சனிக்கிழமை மதியம் காற்று எழும்பி, எதிர் வரிசைக் கூடாரம் ஒன்று ஓரடி எகிறி இறங்கியதைப் பார்த்ததிலிருந்து திட்டுவதில்லை.

முதல் நாள் காலை முழுக்க ஒரு கழுத்தும் மின்னவில்லை. வெள்ளைக் கூரைக்கு உள்ளே ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடுகிறது. பக்கத்துக் கடையில் மண்பாண்டம் விற்ற பெரியவர், இந்தத் தொழிலில் ஊறியவர், காபியோடு வந்து நின்றார். உள்ளே மாட்டாதே, சுவரை வெளியே திருப்பி வெயில் பக்கம் மாட்டு என்றார். மாட்டினேன். கடந்து போனவர்கள் இரண்டடி தாண்டி நின்று, திரும்பி நடந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் மூன்று தடவை அப்படியும் இப்படியும் நடந்தார்.

நிஜ இறகா என்று பலர் கேட்டார்கள். 1918-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இங்கே அனுமதி இல்லாமல் ஓசனிச்சிட்டின் இறகை, கீழே உதிர்ந்ததைக்கூட, வைத்திருக்க முடியாது. இதை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

ஞாயிறு இரவு மோட்டலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அசல் ஓவியம் இரண்டு போயிருந்தது. 25 டாலர் காகிதப் பிரதி 31. வாடகை, அறை, பெட்ரோல், விண்ணப்பக் கட்டணம் போக ஐந்நூற்றுச் சொச்சம் நின்றது. வரி இன்னும் கழிக்கவில்லை.

காகிதப் பிரதியில் கழுத்து மின்னாது. அச்சு மையில் வெறும் ஊதாதான். அதை வாங்கிப் போன 31 பேரில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.