கல்யாணம் 2019-இல், முத்திரிப்பு 2024-இல்: எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள்

எங்கள் கல்யாணம் 2019 பிப்ரவரியில் கோவையில் பதிவானது. ஆலயத்தில் நாங்கள் முத்திரிக்கப்பட்டது, அதாவது மரணத்துக்குப் பிறகும் பிரியாதபடி இணைக்கப்பட்டது, 2024 பிப்ரவரியில், பாங்காக்கில். நடுவில் ஏன் இத்தனை காலம் ஆனது, எதையெல்லாம் தாண்டினோம், யார் யார் கைகொடுத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இதே வழியில் போகப்போகும் இளம் தம்பதிகளுக்கு இது உதவும். அதைவிட முக்கியமாக, நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்களே இல்லை. அவர்களைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நானும் என் கணவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இருக்கிறோம். வெளியே மார்மன் என்றால்தான் தெரியும். அமெரிக்காவில் 1830-இல் தொடங்கிய சபை, தலைமையகம் யூட்டாவில் சால்ட் லேக் சிட்டி. அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய பெற்றோர் சபையில் சேர்ந்துவிட்டார்கள். நான் கல்லூரித் தோழி ஒருத்தி கூப்பிட்டுப் போய், மார்மன் புஸ்தகம் படித்து, ஒரு வருடத்துக்கு மேல் யோசித்து ஞானஸ்நானம் எடுத்தவள்.

எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் கட்டடம் வேறு, ஆலயம் வேறு. ஞாயிறு ஆராதனைக்கு யாரும் வரலாம். ஆலயத்துக்குள் போக ரெக்கமெண்ட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கணவனும் மனைவியும் மரணத்துக்குப் பிறகும் பிரியாதபடி, பிள்ளைகளோடு சேர்த்து, முத்திரிக்கப்படுவது அங்கேதான். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது இந்தியாவில் ஓர் ஆலயம்கூடக் கிடையாது. பெங்களூருவில் கட்டப்போவதாக அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் 2018 ஏப்ரலில் அறிவித்திருந்தார், அவ்வளவுதான். நாங்கள் போக வேண்டியது ஹாங்காங்குக்கு.

முதலில் சட்டப்படி கல்யாணம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி விண்ணப்பித்தோம். நோட்டீஸ் கொடுத்தால் முப்பது நாள் அலுவலகத்தில் ஒட்டி வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். என் தாய்மாமா சொல்லப்போவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மதம் மாறினதே அவருக்குப் பிடிக்கவில்லை, அதிலும் யாருக்கும் தெரியாத ஒரு சபை. அம்மாதான் அவரை உட்கார வைத்துப் பேசினார். "வாழப்போறது அவ. எனக்கில்லாத ஆட்சேபம் உனக்கு எதுக்கு?"

அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் மருதமலை ஏறுகிறவர். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன்பிறகு அம்மாதான் வீட்டில் தையல் மெஷின் போட்டு என்னைப் படிக்க வைத்தார். கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்றாவது கையெழுத்து அம்மாவுடையது.

கல்யாணமான புதிதில் எங்கள் பழக்கங்கள் அம்மாவுக்கு ஒரு பெரிய திகைப்பு. நாங்கள் காபி குடிப்பதில்லை, டீயும் இல்லை. ஞான வார்த்தை என்று 1833-இல் கொடுக்கப்பட்ட கட்டளை அது, மதுவும் புகையிலையும் அதில் சேர்த்திதான். மருமகன் வீட்டுக்கு வந்தால் டபராவில் காபி வைக்காமல் எப்படி வரவேற்பது என்று அம்மா தவித்தார். இரண்டாவது முறை நாங்கள் போனபோது கொத்தமல்லி, சுக்கு, கருப்பட்டி போட்டுச் சுக்கு காபி தயாராக இருந்தது. அதில் காப்பித்தூள் கிடையாது. "இது ஆகுமுங்களா மாப்ள?" என்று கேட்டார். என் கணவர் இரண்டு டம்ளர் குடித்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் எங்களுக்கு அதுதான். தான் நம்பாத ஒரு கட்டளையை எங்களுக்காக அடுப்படியில் காப்பாற்றிக் கொடுத்தவரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஹாங்காங் போக அந்த வருடக் கடைசி என்று திட்டம். ஆனால் 2019 ஜூலையில் புதுப்பிக்கும் வேலைக்காக அந்த ஆலயத்தை மூடினார்கள். சரி, திறக்கட்டும், அதற்குள் பணம் சேர்க்கலாம் என்று இருந்தோம். 2020 மார்ச்சில் உலகம் முழுக்க எங்கள் சபைக் கூட்டங்களே நின்றுபோயின.

அந்த ஊரடங்கு நாட்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையின் அடித்தளம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வேலை பார்த்தது மோட்டார் பம்ப் செய்யும் இடத்தில். சம்பளம் பாதியானது. அந்தப் பாதியிலும் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, எடுத்து வைப்பதா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். எடுத்து வைத்தோம். மளிகைக் கணக்கு எழுதும்போது கை நடுங்கியது உண்மை, ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்து நின்ற நாள் இல்லை. எப்படி என்று கேட்டால் சொல்கிறேன்: எதிர் வீட்டு அக்கா ரேஷன் அரிசியில் பங்கு கொடுத்தார், மாமா தோட்டத்துத் தேங்காயும் முருங்கைக்காயும் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஆட்சேபம் சொல்வேன் என்றாரே, அதே மாமா.

ஞாயிறு காலைகளில் அவரே ரொட்டியையும் தண்ணீரையும் ஆசீர்வதித்து, வீட்டிலேயே திருவிருந்து எடுத்தோம். ஆயரின் அனுமதியோடு அப்படிச் செய்யலாம் என்று சபை சொல்லியிருந்தது. நானும் அவரும் மாமியாரும் மட்டும். அந்த அமைதியில்தான் நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். அதற்கு முன் செய்ததெல்லாம் மனப்பாடம்.

எங்கள் மகள் பிறந்தது 2021 மே கடைசியில். அந்த வாரங்களில் கோவையில் தினசரித் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டிக்கொண்டிருந்தது. நான் பிரசவித்து வீடு வருவதற்குள் அத்தைக்கு, என் மாமியாருக்கு, மூச்சுத் திணறல். அவர் அத்தையோடு ஆஸ்பத்திரியில், நான் பச்சைக் குழந்தையோடு வீட்டில், அம்மா வர முடியாமல் அடைபட்ட தெருவில். எங்கள் சபையில் பெண்களுக்கு ஒத்தாசைச் சங்கம் என்று ஓர் அமைப்பு உண்டு, 1842-இல் ஆரம்பித்தது. அதுவரை எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அவ்வளவுதான். அந்த வாரத்தில் அந்தச் சகோதரிகள் முறை வைத்துக்கொண்டு கேட்டில் சாப்பாடு தொங்கவிட்டுப் போனார்கள். பூண்டுக் குழம்பு, பத்திய ரசம், சுறாப்புட்டு. வீட்டில் தங்களுக்கே நோயாளி இருந்தவர்கள் இருவர் அதில் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. அத்தைக்காக எல்லோரும் ஒருநாள் உபவாசம் இருந்தார்கள். மாலையில் ஸூமில் கூடி ஜெபித்து முடித்தார்கள். அன்று ராத்திரி என் அம்மா போன் செய்து, "நானும் காலைலருந்து சாப்பிடலை கண்ணு, சம்பந்தியம்மாவுக்காக முருகன்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்" என்றார். அத்தை பிழைத்து வந்தார்.

2022 ஜூனில் ஹாங்காங் ஆலயம் மறுபடி பிரதிஷ்டை ஆனது. ஆனால் அந்த ஊருக்குள் நுழைகிறவர்களை அப்போது ஹோட்டலில் தனிமைப்படுத்திக்கொண்டிருந்தார்கள், அந்தச் செலவை நினைத்துப் பார்க்கவே முடியாது. பெங்களூருவில் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்புறம் 2023 அக்டோபர் 22-ஆம் தேதி பாங்காக் ஆலயத்தை எங்கள் சபைத் தலைவர்களில் ஒருவரான மூப்பர் ரொனால்ட் ராஸ்பண்ட் பிரதிஷ்டை செய்தார். அந்த மாதக் கடைசியிலேயே தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் வரலாம் என்று அறிவித்தது. எங்களுக்கு வழி திறந்தது அப்போதுதான்.

போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். ரெக்கமெண்டுக்கு இரண்டு நேர்காணல்: முதலில் உங்கள் ஆயர் அல்லது (சிறிய சபையாக இருந்தால்) கிளைத் தலைவர், பிறகு அவருக்கு மேலே இருக்கும் தலைவர். கேள்விகளைச் சபையே 2019 அக்டோபரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது, ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விசுவாசம், நேர்மை, தசமபாகம், குடும்பத்தை நடத்தும் விதம், இவற்றைப் பற்றித்தான். கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்பார்கள். குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி என்ற உறுதிமொழிப் படிவமும் முக்கியம். ஆலயத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து நேரம் வாங்குங்கள், திருமணச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள். பணம் போதவில்லை என்றால் வெட்கப்படாமல் உங்கள் தலைவரிடம் பேசுங்கள். ஆலயம் தூரத்தில் இருப்பவர்கள் முதன்முறை போய்வர உதவுவதற்கென்றே சபையில் ஒரு நிதி இருக்கிறது, உலகமெங்கும் உள்ள அங்கத்தினர்கள் போடும் காசு. எங்கள் பயணத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. யார் போட்டது என்று தெரியாத அந்தப் பணத்துக்காக நான் இன்றும் ஜெபத்தில் நன்றி சொல்கிறேன்.

முத்திரிப்புக்கு முன், வயதுவந்தவர்கள் தரிப்பித்தல் என்ற நியமத்தை (ஆலயச் சடங்கை) பெற வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். மகளை யார் பார்த்துக்கொள்வது? அத்தைக்கு இன்னும் நெடும்பயணம் முடியாது. அம்மாவிடம் கேட்கத் தயங்கினேன். அம்மாவால் உள்ளே வர முடியாது என்று சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? குடும்பம் என்றென்றும் சேர்ந்திருக்கும் என்று நம்பும் ஒரு நியமத்துக்கு, என்னைப் பெற்றவளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் போவது எனக்கு வலித்தது. அமெரிக்காவில் நேராக ஆலயத்திலேயே கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்த வலியை அனுபவித்திருக்கிறார்கள். வெளியே கல்யாணம் செய்தவர்கள் முத்திரிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை 2019 மே மாதம் சபை எடுத்த பிறகு, அங்கேயும் எல்லோரும் பார்க்க ஒரு கல்யாணம் வைத்துவிட்டு ஆலயம் போக முடிகிறது. நல்ல மாற்றம் அது.

அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "பழனியில கருவறைக்குள்ள என்னை விடறாங்களா? வெளிய நின்னுதான கும்பிடறேன். நான் வர்றேன், பாப்பாவைப் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த கேள்வி, "பாப்பா என்ன போடணும்?" வெள்ளை என்றேன். ஆலயத்திலேயே உடை கேட்டு வாங்கலாம் என்றும் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. காட்டன் துணி எடுத்து, கழுத்தில் சின்னதாக லேஸ் வைத்து, உள்பக்கம் தையல் குத்தாமல் இருக்க மெல்லிய லைனிங் கொடுத்து அவரே தைத்தார்.

ஆலயம் பெட்ச்புரி சாலையில், மக்கசன் பகுதியில் இருக்கிறது. விமான நிலைய ரயிலில் மக்கசன் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். முதல் நாள் நாங்கள் இருவரும் உள்ளே போனோம், அம்மாவும் பாப்பாவும் அறையில். அடுத்த நாள் நால்வரும் சேர்ந்து போனோம். அம்மா வளாகத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நடந்ததை விவரமாக எழுத மாட்டேன், எங்களுக்கு அது பரிசுத்தமானது. சொல்லக்கூடியது இவ்வளவு: பீடத்தின் இரு பக்கமும் நானும் அவரும் முழங்கால் படியிட்டோம். எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி, பார்த்தால் எங்கள் உருவம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் ஆலயப் பணியாளரான ஒரு தாய்லாந்துப் பெண்மணி, அம்மா தைத்த கவுனில் எங்கள் மகளைக் கைபிடித்து அழைத்து வந்தார். சாட்சிகளாக உட்கார்ந்தவர்களை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவர்கள் கண்ணிலும் தண்ணீர். காத்திருந்த வருடங்களெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. மகள் இல்லாமல் இங்கே வந்திருக்க வேண்டாம் என்றுதான் தேவன் வைத்திருந்தார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "சாமி முன்னாடி நின்னீங்களா ரெண்டு பேரும்?"

"ஆமாம்மா."

"அப்ப சரி" என்று இருவர் நெற்றியிலும் கை வைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு விஷயம் பாக்கி இருந்தது. இறந்துபோன முன்னோர்களுக்காகவும் ஆலயத்தில் நாங்கள் நியமங்கள் செய்கிறோம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம் என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். அப்பாவுக்கு அந்த உறவு அம்மா. கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "அவரு என் புருஷன் கண்ணு. இதுல எனக்கு இன்னும் மனசு வரலை" என்றார். சரிம்மா என்றேன். அப்பாவின் பெயரை நான் ஆலயத்துக்கு எழுதி அனுப்பவில்லை. அம்மா சொல்லும்வரை அனுப்பவும் மாட்டேன். எங்களுக்காக இத்தனை விட்டுக்கொடுத்தவரின் மனதை நான் அவசரப்படுத்தக் கூடாது. அந்த நாள் வராவிட்டாலும் அவர்மேல் எனக்குள்ள நன்றி குறையாது.

இப்போது எங்கள் கிளையில் இன்னொரு இளம் தம்பதி புறப்படத் தயாராகிறார்கள். கணவரின் தாத்தா படுக்கையில் இருக்கிறார், அதனால் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அவர்கள் போய்வரும்வரை தாத்தா எங்கள் வீட்டில் இருப்பதாக முடிவு. கட்டிலை இப்போதே ஹாலுக்கு மாற்றிவிட்டோம். பகல் நேரத்தில் அம்மாவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.