மான்செஸ்டரில் பல்கலைக்கழகத்துக்கு மதில் கிடையாது

முதலில் பேருந்தைத் திட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் எழுத வராது. லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் கடைசி நேரத்தில் டிக்கெட் விலையைப் பார்த்தவுடன் லேப்டாப்பை மூடிவிட்டேன். பேருந்தில் அதில் கால்வாசி. கழிப்பறைக் கதவு மூடவில்லை. வளைவுக்கு வளைவு அது திறந்து கடைசி மூன்று வரிசைக்கும் வாசனை விநியோகம் செய்தது. பர்மிங்ஹாம் பக்கம் எம்6 நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்தது. சார்ஜ் போடும் பிளக் செத்துப் போயிருந்தது. ஓட்டுநரிடம் சொன்னேன். "என்னுடையதும்தான்" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தங்கிய செலவு பூஜ்யம். அண்ணன் மகன் அங்கே எம்.எஸ்சி. படிக்கிறான், ஃபாலோஃபீல்டில் நாலு பையன்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் தரையில் எனக்கு ஒரு மெத்தை. அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டுக்கு மஞ்சள் நிற மாடிப் பேருந்து, 2 பவுண்டு. அந்த ஒரு டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்தும் மாறிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் நான் வயிற்றெரிச்சல் இல்லாமல் கொடுத்த ஒரே காசு இதுதான்.

"எப்படா யுனிவர்சிட்டி வரும்?" என்று கேட்டேன்.

"சித்தப்பா, அரை மைலா அதுக்குள்ளதான் போயிட்டிருக்கோம்."

மதில் இல்லை, காவலாளி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ரோடு என்ற சாலையின் இருபுறமும் கட்டடங்கள் நிற்கின்றன. நடுவில் ஊர் போய்க்கொண்டிருக்கிறது. நிஜ ஆக்ஸ்ஃபோர்டில் பேர்பெற்ற கல்லூரிகள் சிலவற்றுக்குள் நுழையவே டிக்கெட் எடுக்க வேண்டும். இங்கே கறுத்த கல் வளைவுக்குள் புகுந்து, ஆல்ஃபிரெட் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய முற்றத்தில் நின்று எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

இந்தத் திறந்த மடம் தற்செயல் இல்லை. ஜான் ஓவன்ஸ் என்று ஒரு துணி வியாபாரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1846இல் இறந்தபோது கல்லூரி தொடங்கச் சொல்லி விட்டுப்போன பணம் 96,942 பவுண்டு. கூடவே ஒரு நிபந்தனை: மாணவனுக்கும் சரி, ஆசிரியருக்கும் சரி, மதச் சோதனை வைக்கக் கூடாது. அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆங்கிலிக்கன் சபையைச் சேராதவர்களுக்குப் பட்டம் கிடையாது என்பதை நினைத்துக்கொண்டால்தான் இதன் கனம் தெரியும். 1851இல் குவே தெருவில், ரிச்சர்ட் காப்டன் என்ற அரசியல்வாதி குடியிருந்த வீட்டில் ஓவன்ஸ் கல்லூரி ஆரம்பமானது. 1873இல் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டுக்கு வந்தது. பணம் பருத்தியில் வந்த பணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சும், நம் நெசவாளர் வயிற்றில் அடித்த மில் துணியும் சேர்ந்துதான் இந்த ஊர் செழித்தது. கட்டடங்களைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது இதுவும் கூடவே ஞாபகம் வந்தது.

1880இல் இது விக்டோரியா பல்கலைக்கழகம் ஆனது. லிவர்பூல், லீட்ஸ் கல்லூரிகளும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். 1903இல் லிவர்பூலும், மறு வருஷம் லீட்ஸும் தனிக்குடித்தனம் போய்விட்டன.

கூப்லண்ட் தெருவில் சாதாரணச் செங்கல் கட்டடம் ஒன்று. அதில்தான் இயற்பியல் விஞ்ஞானி ரூதர்ஃபோர்டு இருந்தார், 1907 முதல் 1919 வரை. மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டபோது சில துகள்கள் வந்த வழியே திரும்பின. அணுவுக்குக் கரு உண்டு என்று அவர் 1911இல் சொன்னது அதை வைத்துத்தான். டிஷ்யூ காகிதத்தின் மேல் 15 அங்குல பீரங்கிக் குண்டைச் சுட்டு, அது திரும்பி வந்து நம்மையே தாக்கியது போல இருந்தது என்றார் அவர். (இந்த 15 அங்குலத்தை ஞாபகம் வையுங்கள், பிறகு தேவைப்படும்.) அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிரிட்ஜ்ஃபோர்டு தெருவில் நீல வட்டப் பலகை: 1948 ஜூன் 21 அன்று, நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் கணினி இங்கே பிறந்தது. 'பேபி' என்று செல்லப் பெயர். ஃபிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் செய்தது. முதல் நிரல் 17 கட்டளை. விடை வர 52 நிமிஷம். அந்த வருஷமே கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கும் இங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம் மான்செஸ்டர் மியூசியம். இதுவும் பல்கலைக்கழகத்துடையதுதான், இலவசம். நான் நேரே போனது மகாராஜா என்ற ஆசிய யானையின் எலும்புக்கூட்டுக்கு. 1872இல் எடின்பரோவில் ஒரு மிருகக்காட்சிக் கம்பெனியை ஏலம் விட்டார்கள். 680 பவுண்டுக்கு மான்செஸ்டரின் பெல் வ்யூ மிருகக்காட்சி சாலை இவரை வாங்கியது. ரயில் பெட்டியில் ஏற்றினார்கள். பெட்டியை உடைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பாகன் லாரன்ஸ் அவரைப் பத்து நாள் நடத்தியே மான்செஸ்டருக்குக் கூட்டி வந்தான், சுமார் 200 மைல். எம்6 பேருந்தில் வந்தவன் என்ற முறையில் மகாராஜாவின் பக்கம் முழு நியாயமும் இருப்பதாக எனக்குப் பட்டது.

நிர்வாக விஷயத்தைப் பையன்தான் நடந்துகொண்டே விளக்கினான். அரசுப் பல்கலைக்கழகம் என்று நாம் சொன்னாலும் அரசு அதற்கு முதலாளி இல்லை. அரச சாசனம் பெற்ற தனி அமைப்பு. துணைவேந்தரை நியமிப்பது அதன் ஆட்சிக் குழுதான். பாடம், பட்டம் எல்லாம் செனட் கையில். மாணவர்கள் 40,000த்துக்கு மேல். ஆனால் புலங்கள் மூன்றே மூன்று: அறிவியலும் பொறியியலும்; கலை, மானுடப் பண்பியல் துறைகள்; உயிரியல்-மருத்துவம். வேந்தர் அலங்காரப் பதவிதான், ஆனாலும் தேர்தல் உண்டு. பணியாளர்களும் பழைய மாணவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். 2015இல் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்ட பீட்டர் மாண்டல்சனைத் தோற்கடித்து, வளர்ப்புக் குடும்பத்திலும் குழந்தைகள் காப்பகங்களிலும் வளர்ந்த கவிஞர் லெம் சிசே வேந்தரானார். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு ஊர் பிடித்துப்போயிற்று.

இப்போதுள்ள பல்கலைக்கழகம் உண்மையில் 2004இல் பிறந்தது. அந்த அக்டோபரில் விக்டோரியா பல்கலைக்கழகமும் யூமிஸ்ட் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கலைக்கப்பட்டு ஒன்றாயின. யூமிஸ்டின் வேர் இன்னும் பழசு: தொழிலாளிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க 1824இல் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட். அதன் சாக்வில் தெருக் கட்டடம் பழுப்புச் சுடுமண் ஓடு போர்த்திய பிரம்மாண்டம். பொறியியல் துறைகளைத் தெற்கே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு இந்தப் பக்கத்தைத் தொழில் வளாகமாக்கி வருகிறார்கள். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. மெக்கானிக்குகளுக்காகத் தொடங்கியதன் இடத்தில் கண்ணாடி ஆபீஸ்களா?

கட்டணத்தைக் கேட்டால் இன்னும் எரிச்சல். 1998க்கு முன் பல வருஷம் உள்நாட்டு மாணவர்கள் இங்கே கட்டணமே கட்டவில்லை. அந்த வருஷம் அதிகபட்சம் 1,000 பவுண்டு என்று வைத்தார்கள், 2006இல் 3,000, 2012இல் 9,000. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த உச்சவரம்பும் கிடையாது. அண்ணன் வாங்கிய கல்விக் கடனைப் பற்றிப் பையன் பேச ஆரம்பித்ததும் நான் பேச்சை மாற்றினேன்.

டீன்ஸ்கேட் தெருவில் இருக்கும் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே பார்த்தால் சர்ச், உள்ளே போனாலும் சர்ச், புத்தகம்தான் சாமி. பருத்திக் கோடீஸ்வரர் ரைலண்ட்ஸின் நினைவாக அவர் மனைவி என்ரிகேட்டா கட்டியது. கியூபாவில் பிறந்த பெண்மணி. ஸ்பென்சர் பிரபுவின் அல்தார்ப் நூலகத்தை 1892இல் மொத்தமாக 210,000 பவுண்டுக்கு வாங்கினார். 1900இல் வாசகர்களுக்குத் திறந்தது. 1972இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. யோவான் சுவிசேஷத்தின் பாப்பிரஸ் துண்டு ஒன்று இங்கே இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, கிரெடிட் கார்டு அளவுதான். இருபுறமும் கிரேக்க எழுத்து. இதற்கும் கட்டணம் இல்லை.

இலவசமாகவே ஓடிக்கொண்டிருந்த பயணத்தில் பர்ஸைக் கிழித்தது ஜோட்ரெல் பேங்க், பல்கலைக்கழகத்தின் ரேடியோ தொலைநோக்கி நிலையம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெர்னார்ட் லவ்வல் என்ற இயற்பியல் விஞ்ஞானி ராணுவ ரேடார் கருவிகளை ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் வைத்துப் பார்த்தபோது, மின்சார டிராம்கள் ஓடி ஓடிச் சிக்னலைக் கெடுத்தன. செஷர் வயல்வெளியில் தாவரவியல் துறைக்கு நிலம் இருந்தது. 1945 டிசம்பரில் அங்கே போனார். அவருக்கு அமைதி தேவைப்பட்டதற்கு நான் டாக்ஸிக்கு அழுதேன். கூஸ்ட்ரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். ஆனால் நடைபாதை இல்லாத சாலை, அன்றைக்குச் சரியான மழை. டாக்ஸிக்காரர் போனில் ஒரு தொகை சொன்னார், இறங்கும்போது இன்னொன்று. ஏன் என்றால் "கிராமத்து ரேட்" என்றார். சண்டை போட்டு 5 பவுண்டு குறைத்தேன். அப்புறம் நுழைவுச் சீட்டு வேறு.

எல்லாம் கிண்ணம் போன்ற அந்தத் தொலைநோக்கியைப் பார்க்கும் வரைதான். விட்டம் 76 மீட்டர், எடை 3,200 டன். செல்போனை அணைக்கச் சொல்கிறார்கள். அதன் அலை தொலைநோக்கிக்கு இடைஞ்சல். இத்தனை இரும்பும் மேலும் கீழும் சாய உதவும் பல்சக்கரங்கள் பழைய போர்க்கப்பல்களான ராயல் சாவரின், ரிவென்ஜ் இரண்டிலும் இருந்த 15 அங்குல பீரங்கி மேடைகளிலிருந்து கழற்றியவை. ரூதர்ஃபோர்டின் குண்டு காகிதத்தைத் துளைக்கவில்லை. அந்த பீரங்கியின் மேடை இங்கே வந்து வானத்தைப் பார்க்கிறது.

செலவு கைமீறி, நாடாளுமன்றக் கணக்குக் குழு வரை லவ்வல் திட்டு வாங்கினார். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோது அதை ஏவிய ராக்கெட்டை ரேடாரில் பிடித்துக் காட்டியது இந்தக் கிண்ணம்தான். அதன் பிறகும் கடன் தீரவில்லை. 1960இல் மிச்சத்தை அடைத்தவர்கள் மோரிஸ் கார் முதலாளி நஃபீல்டு பிரபுவும் அவருடைய அறக்கட்டளையும். நம் அம்பாசடர் காரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பிரபு ஆரம்பித்த கம்பெனியின் வண்டிதான். 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

ராத்திரி ரஷோம் பகுதியின் 'கறி மைல்' என்ற சாப்பாட்டுக் கடைத் தெரு. பேர்தான் கறி, இப்போது பாதிக்கு மேல் அரபு, ஆப்கன் கடைகள். காபூலி புலாவ் சொன்னோம்: மேலே கேரட்டும் திராட்சையும், கீழே தோண்டினால் எலும்பிலிருந்து தானாகவே கழன்று விழும் ஆட்டுத் தொடை. ஒரு தட்டு 12 பவுண்டு, இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம். பையன் பர்ஸை எடுத்தான். "கடன்காரன் நீ, உள்ளே வை" என்று நான் கொடுத்தேன். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். மறுநாள் மதியச் செலவும் முடிந்தது.