பனியன் கம்பெனி வெக்கையில் கர்ப்பிணிகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சித்திரை பிறந்தால் மோர்ப்பானை வந்துவிடும். நல்லதுதான். ஆனால் கர்ப்பிணி டெய்லர் அதைத் தொடத் தயங்குவார். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் லைனில் பீஸ் தேங்கும். எழுந்து போகிறவர் மெஷினில் உட்கார ஒரு மாற்று ஆள் இருந்தால்தான் வெக்கையில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லும் '20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்' என்ற கணக்கெல்லாம் நடக்கும்.

அடுத்தது, இடமாற்றம். 'லேசான வேலை' என்று செக்கிங்குக்கு, அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலைக்கு, அனுப்புவார்கள். செக்கிங்கோ நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. மேசை உயரத்துக்கு ஏற்ற, முதுகு சாய்கிற ஸ்டூலும் போட வேண்டும். அயர்னிங் பக்கத்து நீராவியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் கூலி. தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி தரும் டெய்லர் பீஸ் ரேட்டிலிருந்து செக்கிங் சம்பளத்துக்கு இறங்குவதென்றால் யார் சம்மதிப்பார்கள்? பிரசவத்துக்கு முந்தைய சுமார் பத்து வாரங்களில் கேட்டு வாங்கும் லேசான வேலைக்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது; அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பீஸ் ரேட் ஆட்களுக்கு முந்தைய மாதங்களின் சராசரியைக் கொடுப்பதே நியாயம்.

தையல் மெஷினின் மோட்டாரை மாற்றுவதும் உதவும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடி, முழங்காலருகே சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும்தான் ஓடும். ஏர் கூலர் வைத்துவிட்டு, தூசி வருமென்று எதிர்ப்பக்க ஜன்னலை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி வியர்வை காயாது. தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதில் செலவு குறைவு, பலன் அதிகம்.

சட்டம் சொல்வது கடைசி வாரங்களை. ஆனால் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது முதல் வாரங்களிலேயே கருவைப் பாதிக்கலாம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த முதல் வாரங்களில் கர்ப்பத்தை அவர் வீட்டிலேயே சொல்லியிருக்க மாட்டார், சூப்பர்வைசரிடமா சொல்வார்? அதனால் ஸ்டூலும் இடைவேளையும் காரணம் கேட்காமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவருக்கும் உடம்பு வெக்கையைத் தாங்கும் பழக்கத்தை மறந்திருக்கும். முதல் நாள் பாதி வேலை, பிறகு 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழு வேலை என்று ஏற்றலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு உப்புப் போட்ட சர்பத்தை எல்லோருக்கும் போல நீட்டக் கூடாது.

தலைசுற்றினால் மசக்கை என்று விடாதீர்கள். நிழலில் இடது பக்கமாகப் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். பேச்சு குழறினால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், வாயில் மட்டும் ஊற்ற வேண்டாம்.