ஜுபர் மலையும் எங்கள் திருச்சியும்

2024 மே 24, வெள்ளி

வரும் 29-ஆம் தேதியோடு மேஜர் மாரியப்பன் சரவணன் கார்கில் போரில் உயிர் நீத்து 25 வருடம். விடுமுறைதான் என்றாலும் என்.சி.சி. பிள்ளைகளை வரச் சொல்லிவிட்டேன். கண்டோன்மென்ட்டில் இருக்கும் அவர் நினைவுத்தூணில் மலர்வளையம் வைத்து, சல்யூட் அடித்துத் திரும்புவது வழக்கம். இந்த முறை அதோடு நிறுத்த மனசு வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் 2009, 2010-இல் பிறந்தவர்கள். சரவணன் யார் என்று கேட்டால், "அந்தத் தூண்ல இருக்கிற பேரு, சார்" என்கிறார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மே 26, ஞாயிறு

காலையில் பள்ளி மரத்தடியில் சொன்னேன்.

1999 மே 3. கார்கில் பக்கம் படாலிக் பகுதியில் கார்கோன் கிராமத்து மேய்ப்பர் தாஷி நாம்கியால், காணாமல் போன தன் யாக் எருமையைத் தேடி மேலே போகிறார். பனிக்குள் பதுங்கிடம் கட்டும் ஆட்களைப் பார்த்து ராணுவத்துக்குத் தகவல் சொல்கிறார். பாகிஸ்தானிலிருந்து ஊடுருவி வந்திருப்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு உள்ளே வந்துவிட்டார்கள் என்பது முழுதாகப் புரிவதற்குள் மாதம் முடிந்துகொண்டிருந்தது. மே 28 இரவு பிகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், ஜுபர் மலையில் பாயிண்ட் 4268-ஐ நோக்கி ஏறியது. அந்த எண் மீட்டர் கணக்கிலான உயரம். நம் தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

முன்னால் நின்று நடத்தியவர் சரவணன், வயது 26. திருச்சி ஜோசப் காலேஜில் படித்து, பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, 1995-இல் ராணுவ அதிகாரி ஆனவர். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்கிடத்தைத் தாக்கினார். குண்டுச் சிதறல்கள் உடம்பில் பாய்ந்த பிறகும் பின்வாங்கவில்லை. 29-ஆம் தேதி விடிந்து கொஞ்ச நேரத்தில் தலையில் குண்டு பாய்ந்தது.

உடல் அங்கேயே கிடந்தது, எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில், ஒரு மாதத்துக்கும் மேல்.

இந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அப்போ அவரை யார் சார் கீழே கொண்டு வந்தாங்க?"

ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.

மே 27, திங்கள்

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவை அழைத்து வந்தேன். பனிமலைகளில் வருடக்கணக்கில் இருந்தவர். வீரம், தியாகம் என்ற சொற்களை அவர் தொடவே இல்லை. மூச்சைப் பற்றித்தான் பேசினார். "அந்த உயரத்துல இங்க கிடைக்கிற காத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கிடைக்கும் தம்பி. பத்து அடி வைச்சா நிக்கணும். முதுகுல சாமான், கையில துப்பாக்கி. பகல்ல ஏறினா மேல உக்காந்திருக்கிறவன் ஒவ்வொருத்தனா எண்ணிச் சுடுவான். அதான் ராத்திரி."

பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். நான் எத்தனை உரை நிகழ்த்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

மே 29, புதன்

அக்னி நட்சத்திரம் நேற்றோடு முடிந்தாலும் வெயில் குறையவில்லை. ஏழு மணிக்கே போய்விட்டோம்.

மலர்வளையம் வைத்த பிறகு இரண்டு பெயர்களைப் படிக்கச் சொன்னேன். மேஜர் சரவணன், வீர் சக்ரா. நாயக் கணேஷ் பிரசாத் யாதவ், வீர் சக்ரா. போரில் காட்டிய வீரத்துக்குத் தரும் விருது அது. இரண்டாமவர் பாட்னா மாவட்டத்துக்காரர். அதே பட்டாலியன், அதே மலை, அதே நாள். தமிழ் அதிகாரி, பிகார் சிப்பாய். ஒருவர் பேச்சு இன்னொருவர் ஊரில் புரியாது. மலையில் அது குறுக்கே நிற்கவில்லை. சரவணனுக்குத் திருச்சியில் தூண் இருக்கிறது. கணேஷ் பிரசாத்தின் பெயரையும் திருச்சியில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. "யாதவ்" என்ற சொல் முடிந்ததும் சுபேதார் ஐயா விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். பிள்ளைகளும் வைத்தார்கள்.

ஜூலை 8, திங்கள்

கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். நடுவில் தேர்வு, அது இது என்று தள்ளிப்போனது. ஆனால் இந்த வாரம்தான் பொருத்தமும்கூட.

சரவணனின் உடலை எடுத்து வர அவருடைய ஆட்கள் முன்பே முயன்றார்கள். மேலிருந்து சுட்டதில் முடியாமல் போனது. ஜூலை முதல் வாரத்தில் ஜுபரை மீட்டது வேறு யாருமல்ல, அதே முதல் பிகார் பட்டாலியன்தான். பக்கத்து காலுபாரில் 24 வயது கேப்டன் மனோஜ் குமார் பாண்டே ஜூலை 3-ஆம் தேதி உயிர் விட்ட சண்டையும் அதே நாட்களில்தான். தங்கள் மேஜரைக் கீழே கொண்டு வந்தவர்கள் அவருடைய பட்டாலியன்காரர்கள். பிறகுதான் அவர் திருச்சிக்கு வந்தார். முந்தைய போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனையிலேயே தகனம் செய்தார்கள். உடல்களை ஊர் ஊராக வீட்டுக்கு அனுப்பியது கார்கிலில்தான் பெரிய அளவில் நடந்தது. அன்று திருச்சித் தெருவில் நின்ற கூட்டத்தில் நானும் ஒரு கல்லூரி மாணவன்.

கேள்வி கேட்ட பிள்ளை, "அவங்க பேரெல்லாம் கிடைக்குமா சார்?" என்கிறாள். பட்டாலியனுக்கே ஒரு கடிதம் எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்தி ஆசிரியை ஒருவர் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வரைவு வெள்ளிக்கிழமைக்குள்.